மீதி ஆறு ரூபாய்

எங்கள் வீட்டுக்காரர் சென்னபசப்பா
முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர்.
இன்றைக்கும் தண்ணீர்க் காசுக்கு
விரல் நீளச் சீட்டுதான்.
முன்பக்கம் தொகை.
பின்பக்கம், சில்லறை இல்லாத நாளில்,
அவர் நமக்குத் தரவேண்டிய மீதி.

கக்கதாசபுராவில் எங்கள் போர் வற்றிய மார்ச் அது.
டேங்கர் ஒன்று ஆயிரத்து இருநூறு.
மாதத்துக்கு ஆறு.
கீழே அவரும் மனைவியும் இரண்டு,
முதல் மாடியில் நாங்கள் மூன்று,
அதற்கு மேலே ஒடியாப் பையன்கள் மூன்று,
மொட்டைமாடி ஒற்றை அறையில்
ஏசி மெக்கானிக் சவரிநாதன் ஒன்று.
ஆக ஒன்பது தலை.
தலைக்கு எண்ணூறு.

தலையெல்லாம் ஒன்றா என்று கேட்டவள் நான்.
என் மகளுக்கு மூன்று வயது.
அரை வாளியில் குளித்து
மிச்சத்தில் கப்பல் விடுகிறவள்.
வீட்டுக்காரருக்கு, என் வீட்டுக்காரருக்கு,
பாதி மாதம் ஹூப்ளி சைட்டில் வேலை.
அங்கே குளிக்கிற தலைக்கு
இங்கே எப்படி எண்ணூறு?
பையன்களும் சேர்ந்துகொண்டார்கள்.
அவர்கள் துணி துவைப்பது ஞாயிற்றுக்கிழமை,
அதுவும் மனசு இருந்தால்.

கீழ்வீட்டம்மா துமகூரில் மகளோடு இருப்பதாக
நாங்களாகவே நினைத்திருந்தோம்.
மாதக்கணக்கில் ஆளைக் காணோம்.
ஆனாலும் தன் பங்கில் இரண்டு தலை போடுகிறாரே மனுஷன் என்று
படிக்கட்டில் நின்று
அதற்கும் சிரித்தோம்.

ஏப்ரலில் நாலு மீட்டர் வந்தது.
விலை விசாரித்தது, ஆர்டர் போட்டது எல்லாம் நான்.
பெருமையாகத்தான் இருந்தது.
மாதக் கடைசியில்
அவர் டார்ச் அடித்து வாசிக்க, நான் எழுதினேன்.
எங்களுக்கு எட்டாயிரம் லிட்டர்.
பையன்களுக்கு ஒன்பது.
சவரிநாதனுக்கு மூன்று.
கீழ்வீட்டுக்குப் பதினாறு.

கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியில் துடைத்து
மறுபடி பார்த்தார்.
எங்கேயோ கசிவு என்றேன்.
கசிவேதான் என்றார்கள் பையன்கள்.
ஆள் கூப்பிட வேண்டாம் என்றார் அவர்.
வேண்டாம் என்றதால்தான் கூப்பிட்டோம்.

பிளம்பர் மாதையன், அரூர்க்காரர்,
ரிஞ்சோடு உள்ளே போய்ப்
பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார்.
கை கழுவக் குழாய் கேட்டவர்
பிறகு வேண்டாமென்று பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.
'பைப்பெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு' என்றார்
என்னிடம் மட்டும், தமிழில்,
பெங்களூரில் அது யாருக்கும் புரியாதது போல.
'அந்தம்மா படுத்த படுக்கை.
பின்னாடி சந்து பூரா பெட்ஷீட்டு காயுது.'

பாதி திறந்த கதவு வழியே டெட்டால் வாசனை.
முன்பும் மேலே வரைக்கும் வந்திருக்கிறது.
சுத்தக்காரர் என்று நினைத்திருக்கிறேன்.

மே இரண்டாம் தேதி காலிங் பெல்.
நோட்டுப்புத்தகத்தோடு நிற்கிறார்.
செப்டம்பரில் அவள் விழுந்தாள்,
மார்ச் வரைக்கும் ஏழு மாதம்,
நீங்கள் கூடுதலாகக் கட்டியது, என்று
ரப்பர் பேண்டு போட்ட பணத்தை நீட்டினார்.
மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது.
மீதி ஆறு, சீட்டின் பின்னால்.

வேண்டாம் சார் என்றேன்,
ஒரே ஒரு தடவை.
'லெக்க அந்த்ரெ லெக்கம்மா' என்றார்.
கணக்கென்றால் கணக்கு.
மீட்டர் கேட்டவள் நான்.
ப்ளே ஸ்கூல் ஃபீஸ் பதினைந்தாம் தேதிக்குள்.
வாங்கிக்கொண்டேன்.

எண்ணவில்லை என்று எழுத ஆசை.
கதவைச் சாத்திவிட்டு எண்ணினேன்.
சரியாக இருந்தது.

இப்போது ராத்திரி இரண்டு மணிக்குக்
கீழே குழாய் திறக்கிற சத்தம் கேட்கிறது.
முன்பும் கேட்டிருக்கத்தான் வேண்டும்.
வாளி நிறைகிற வரைக்கும்
மீட்டருக்குள் சின்னச் சிவப்புச் சக்கரம் சுற்றுவது
இருட்டில் எனக்குத் தெரிகிறது.

நாலு நாள் கழித்து
எங்கோ சில்லறை மாற்றிக்கொண்டு
ஓர் ஐந்தும் ஓர் ஒன்றுமாக
முழங்காலைப் பிடித்தபடி படியேறி வந்தார்.
காசைக் கொடுத்துவிட்டுச்
சீட்டைத் திருப்பிக் கேட்டார்.
ஃப்ரிட்ஜ் மேலிருந்து தேடி எடுத்துத் தந்தேன்.
குறுக்கே ஒரு கோடு போட்டார்.
பிறகு கிழித்தார்,
முப்பத்தொரு வருஷம் கிழித்த
அதே இரண்டு விரலால்.